கடைசி இருபது அடி

விழுப்புரம் மாவட்டத்து முகையூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், ஒரு தகவல் சென்னைக்குப் போய்த் திரும்ப 2 மில்லிநொடி போதும். 2002இல் அமைந்த சென்னை–சிங்கப்பூர் 'ஐ2ஐ' கடலடி கேபிளின் நீளம் 3,200 கிலோமீட்டர்; அதில் போய்வர 32 மில்லிநொடி. வழியிலுள்ள கருவிகள் இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இருந்தும் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டிலேயே மொபைல் கேமின் பிங், அதாவது தகவல் போய்வரும் நேரம், 300, 400 மில்லிநொடி என்று ஏறுகிறது. கடலைத் தாண்டவே ஆகாத இந்த நேரம் பெரும்பாலும் வீட்டு ரவுட்டரின் வாசலிலும், அதற்கும் நம் கைக்கும் இடைப்பட்ட இருபது அடியிலும்தான் தொலைகிறது. எனவே காசு கொடுத்துப் பெரிய பிளானுக்கு மாறும் முன் இந்த இருபது அடியைச் சரிசெய்ய வேண்டும்.

வீடியோவுக்குத் தேவை அளவு. விளையாட்டுக்குத் தேவை நேரம். நெட்ஃபிளிக்ஸ் முழு ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ்ஸும் 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ்ஸும் போதும் என்கிறது. படம் பல நொடிகளுக்கு முன்பே இறங்கிச் சேர்ந்திருப்பதால், சிறு தாமதம் கண்ணுக்குத் தெரியாது. விளையாட்டு அனுப்பும் தகவலோ துளி அளவுதான். ஆனால் நொடிக்கு 60 படங்கள் மாறும் திரையில் ஒரு படத்தின் ஆயுள் 17 மில்லிநொடிகூட இல்லை. அந்த நேரத்தில் இன்னொரு மொபைலிலிருந்து கல்யாண வீடியோ மேலேறிக்கொண்டிருந்தால், ரவுட்டரில் வரிசை நீளும். 10 எம்பிபிஎஸ் வழியில் அரை மெகாபைட் தேங்கினாலே, பின்னால் வருவது 400 மில்லிநொடி காத்துக்கிடக்கும். கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டு எச்சரித்தது இந்தத் தேக்கத்தைத்தான். அதே துறை வல்லுநர்களான கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வரிசையை நீளவிடாமல் வைக்கும் 'கோடெல்' முறையை வெளியிட்டார்கள். அதன் வழிவந்த 'எஸ்க்யூஎம்' வசதி உங்கள் ரவுட்டரில் இருந்தால், இணைப்பு உண்மையில் தரும் வேகத்தில் 90 சதவீதத்தை அதன் வரம்பாக வையுங்கள். வேகத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும். காத்திருப்போ பல மடங்கு குறையும்.

அடுத்தது காற்றுவழி. ஒரு வைஃபை சேனலில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இரைகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் அது சுவரைத் தாண்டாதே என்பார்கள். உண்மைதான், செங்கல் சுவரிலேயே அது வெகுவாக மங்கிவிடும். அதனால்தான் ரவுட்டர் இருக்குமிடம் முக்கியமாகிறது. கேபிள் நுழையும் வாசல் மூலையிலோ இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ வைக்காமல், வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வைக்க வேண்டும். டிவியை லேன் கேபிளில் இணைத்துவிட்டால், அதிகம் இழுக்கும் கருவி காற்றுவழியை விட்டு விலகும். மிச்ச இடம் மொபைல்களுக்குக் கிடைக்கும்.

பெரிய பிளான் போட்டால் இதெல்லாம் தீராதா? வழி அகன்றால் வரிசை சீக்கிரம் நகரும் என்பது சரிதான். ஆனால் சுவருக்கு அப்பால் மங்கிப்போன அலையைப் பிளான் வலுப்படுத்தாது. எங்கள் ரவுட்டரில் எஸ்க்யூஎம் இல்லையே என்றால், கேபிளும் இடமாற்றமும் எந்த ரவுட்டருக்கும் பொருந்தும். போட்டோ பேக்கப்பை இரவுக்குத் தள்ளிவைப்பதும் அப்படியே. 'கேமிங்' முத்திரை பதித்த விலையுயர்ந்த பெட்டியும் பீரோவுக்குப் பின்னால் தோற்றுத்தான் போகும்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. அந்த இழை ஊருக்குள் வருவது அரசின் பொறுப்பு. வீட்டுக்குள் அதன் பலன் கிடைப்பது நம் பொறுப்பு. விளையாட்டில் தெரியும் அதே தாமதம்தான் மாணவியின் இணைய வகுப்பிலும், வேலை தேடும் இளைஞரின் வீடியோ நேர்காணலிலும் குரலை வெட்டுகிறது. விளையாட்டுக்காகச் சீர்செய்யும் ரவுட்டர் அவர்களுக்கும் சேர்த்தே உழைக்கும்.