ஆட்டத்துக்கு முந்தைய நான்கு மணி நேரம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இலையுதிர்கால வெள்ளிக்கிழமை மாலைகளுக்குத் தனி இயல்பு உண்டு. ஏழு மணி நெருங்கும்போது சிற்றூர்களின் கடைத்தெருக்கள் வெறிச்சோடத் தொடங்கும். ஊரின் ஓரத்தில் உயர்ந்த கம்பங்களில் விளக்குகள் ஒளிரும். முரசொலியும் பித்தளைக் கருவிகளின் இசையும் நெடுந்தூரம் கேட்கும். அங்கே நடப்பது பெருந்தலைவர்களின் கூட்டமோ, தேர்த் திருவிழாவோ அல்ல. உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் அமெரிக்கக் கால்பந்தாட்டம்.

நாம் அறிந்த கால்பந்து வேறு, இது வேறு. அணிக்குப் பதினொருவர் என்பது மட்டுமே இரண்டுக்கும் பொது. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த இளைஞர்கள், நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசெல்ல வேண்டும். தடுப்பவர்கள் உடலோடு உடல் மோதித் தடுப்பார்கள். நாடு முழுவதும் சுமார் 10 லட்சம் பள்ளி மாணவர்கள் இதை ஆடுகின்றனர். டாலஸ் நகருக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில், ஒரே ஒரு பள்ளிக்காக 18,000 பேர் அமரக்கூடிய அரங்கம் 6 கோடி டாலர் செலவில் கட்டப்பட்டு 2012-இல் திறக்கப்பட்டது. தொழில்முறை ஆட்டங்களின் ஒளிபரப்பால் பள்ளி ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைந்துவிடாதபடி, பருவ காலத்து வெள்ளி மாலைகளுக்கு 1961-ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டமே பாதுகாப்பு அளிக்கிறது.

அந்த விளக்குகளின் கீழே நிற்பவன் பதினாறு, பதினேழு வயதுச் சிறுவன் என்பதை ஊர் எளிதில் மறந்துவிடுகிறது. நானும் ஒருமுறை மறந்தேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து டாலஸ் புறநகரில் குடியேறியவன் நான். என் மகன் பள்ளி அணியின் முதன்மைக் குழுவுக்குத் தேர்வானபோது, பெற்றோர் தன்னார்வலர்களில் ஒருவனாக நானும் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் வீரர்களுக்கு உணவு பரிமாறுவது என் வேலை. அதனால், ஆட்டத்தைவிட ஆட்டத்துக்கு முந்தைய நேரத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வகுப்புகள் நான்கு மணியளவில் முடியும். ஆட்டம் ஏழரை மணிக்குத் தொடங்கும். இடைப்பட்ட நேரம்தான் சிக்கலானது. காலையிலேயே அணியின் சட்டையை அணிந்து வந்த மாணவர்கள், பிற்பகலில் பள்ளி முழுவதும் திரண்டு ஆரவாரிக்கும் உற்சாகக் கூட்டத்தில் கலந்துகொண்டிருப்பார்கள். ஆசிரியர்களும் கடைக்காரர்களும் வாழ்த்தியிருப்பார்கள். இத்தனை கிளர்ச்சிக்குப் பிறகு, எதுவும் நடக்காத மூன்றரை மணி நேரம். சிலர் கைப்பேசியில் மூழ்குவார்கள். சிலர் துண்டைச் சுருட்டி ஒருவரையொருவர் அடித்து விளையாடுவார்கள். ஒருவன் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருப்பான். இன்னொருவன் கழிவறைக்கு நான்காம் முறை போய்வருவான்.

முதன்மைக் குழுவில் மகன் ஆடிய முதல் ஆட்டத்தன்று, ஒரு தந்தையாக என் கடமையைச் செய்வதாக எண்ணிக்கொண்டேன். உணவு பரிமாறும்போது அவனைத் தனியே அழைத்து அறிவுரை கூறினேன். பிறகும் மனம் கேட்கவில்லை. ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் குறுஞ்செய்திகள் அனுப்பினேன். ஊரில் அப்போது சனிக்கிழமை விடிந்திருக்கும் என்றும், ஆச்சி ஆறு மணிக்கே நேரலையில் அவனைப் பார்க்கக் காத்திருப்பார் என்றும், உறவினர் அனைவருக்கும் இணைப்பை அனுப்பிவிட்டேன் என்றும் எழுதினேன். இறுதியாக, ‘பதற்றப்படாதே’ என்றும் சேர்த்திருந்தேன்.

தாக்குதல் வரிசையில் நிற்பவர்கள், பந்து பின்னோக்கித் தரப்படும் கணம்வரை அசையக் கூடாது. முந்தி அசைந்தால் ஐந்து கெஜம் அபராதம். என் மகன் முதல் பத்து நிமிடங்களுக்குள் இரண்டு முறை முந்தி அசைந்தான். மூன்றாவது முறை, அசையக் கூடாதே என்ற அச்சத்தில் தாமதித்தான். அவனைக் கடந்து பாய்ந்த எதிரணி வீரன், பந்தை எறியவிருந்த எங்கள் குவார்ட்டர்பேக்கைப் பக்கவாட்டில் மோதி வீழ்த்தினான். அந்தப் பையன் எழுந்திருக்கச் சில நொடிகள் ஆயின. பெரிய காயம் இல்லை. ஆனால், அந்தச் சில நொடிகளில் அரங்கில் நிலவிய அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் மகன் சொன்னான்: ‘அப்பா, வரிசையில நிக்கிறப்ப எதிர்ல இருக்கிறவனை நான் பார்க்கலை. ஆச்சி பார்த்துக்கிட்டு இருப்பாங்களேன்னுதான் நினைச்சேன்.’

அதன் பின்னர் பயிற்சியாளரிடம் பேசினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ‘கவனம் என்பது பையனின் சட்டைப்பையில் இருக்கும் காசு. ஏழரை மணிக்குச் செலவழிக்க வேண்டியதை நாம் ஐந்து மணிக்கே பிடுங்கிவிடுகிறோம்’ என்றார். எளிய சொற்கள்தான், ஆனால், நூறாண்டு கால உளவியல் ஆய்வும் ஏறத்தாழ அதையே சொல்கிறது.

1908-இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். எளிய பணியைக் கற்கும்போது தூண்டுதல் கூடக்கூடக் கற்றலும் விரைவடைந்தது. கடினமான பணியில் மிதமான தூண்டுதலே பயன்தந்தது, மிகுந்த தூண்டுதல் கெடுத்தது. பிற்காலத்தில் இக்கருத்து மனிதர்களுக்கும் விரித்துரைக்கப்பட்டது. மனக்கிளர்ச்சி குறைந்தால் மந்தம், மிகுந்தால் தடுமாற்றம். கிளர்ச்சி எல்லை மீறும்போது கவனத்தின் வட்டம் சுருங்குகிறது. ஓரக்கண்ணில் பட வேண்டியது படாமல் போகிறது.

ஓர் அணியில் எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதே இதிலுள்ள சிக்கல். யூரி ஹானின் என்ற உளவியலாளர், ஒவ்வொரு விளையாட்டு வீரருக்கும் அவர் சிறப்பாகச் செயல்படும் தனி மனநிலை எல்லை ஒன்று உண்டு என்று காட்டினார். ஒருவனுக்குச் சற்றுப் படபடப்பு வேண்டும். மற்றவனுக்கு அமைதி வேண்டும். எதிராளியை மோதித் தள்ள வேண்டியவனுக்கும், இரு கம்பங்களுக்கு நடுவே பந்தைக் குறிபார்த்து உதைக்க வேண்டியவனுக்கும் ஒரே முழக்கத்தை ஊட்டுவதில் பொருளில்லை.

ஆனால், அமெரிக்கப் பொதுமனத்தில் பதிந்திருக்கும் சித்திரம் வேறு. ஆட்டத்துக்கு முன்போ இடைவேளையிலோ பயிற்சியாளர் கண்ணீர் மல்க உரையாற்றுவார்; வீரர்கள் கர்ஜித்தபடி களம் புகுவார்கள். இதன் மூலங்களில் ஒன்று, 1928-இல் நோட்ரடாம் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் நூட் ராக்னி, ராணுவக் கல்லூரி அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஆற்றியதாகச் சொல்லப்படும் உரை. மறைந்துபோன பழைய வீரர் ஜார்ஜ் கிப்பின் பெயரால் வென்றுவருமாறு அவர் வேண்டினார். அணி 12-6 என வென்றது. 1940-இல் அது திரைப்படமானது. கிப்பாக நடித்தவர் பின்னாளில் நாட்டின் அதிபரான ரொனால்ட் ரீகன். அந்தப் புகழ்பெற்ற வெற்றிக்குப் பிறகு அப்பருவத்தில் எஞ்சியிருந்த இரண்டு ஆட்டங்களிலும் நோட்ரடாம் தோற்றது என்பதைப் பலரும் நினைவில் வைத்திருப்பதில்லை. உணர்ச்சியுரை ஒருநாள் உதவலாம், வாரந்தோறும் உதவாது.

மறுபுறம், கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் உணர்ச்சியைக் கிளறும் உரைகளை விரும்பாதவர். பருவத்தின் தொடக்கத்தில் அவர் வீரர்களுக்கு முதலில் கற்பித்தது, கொப்புளம் வராமல் காலுறை அணிவது எப்படி என்பதை. 1964 முதல் 1975 வரையான பன்னிரண்டு பருவங்களில் அவரது பல்கலைக்கழக அணி பத்து முறை தேசியப் பட்டம் வென்றது.

எங்கள் பள்ளிப் பயிற்சியாளரும் அவ்வழியைச் சேர்ந்தவரே. அவர் அந்த மூன்றரை மணி நேரத்தைச் சிறு சிறு பகுதிகளாக வகுத்திருக்கிறார். நான்கு மணி கடந்ததும் உணவு. கோழி இறைச்சி, சோறு அல்லது பாஸ்தா, பழம், தண்ணீர். எண்ணெயில் பொரித்தது கிடையாது. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வயிறு தன் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஊக்கபானங்களுக்கு அனுமதி இல்லை. குழந்தைகள், பதின்வயதினரின் உணவில் அவற்றுக்கு இடமே இல்லை என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-இலேயே கூறிவிட்டது. ஏற்கெனவே துடிக்கும் நெஞ்சுக்கு அந்தக் காஃபீன் எரியும் நெருப்பில் வார்த்த எண்ணெய்.

உணவு முடிந்ததும் கைப்பேசிகள் ஒரு பெட்டிக்குள் போய்விடும். இதைத் தண்டனையாக அவர் நடத்துவதில்லை. தம் கைப்பேசியைத்தான் முதலில் போடுவார். பிறகு அரை மணி நேரம் விளக்கைத் தணித்து, விரும்பியவர்கள் படுக்கலாம், பாட்டுக் கேட்கலாம். பேச்சு மட்டும் கூடாது. அதன் பின் சிறு குழுக்களாக அமர்ந்து, எதிரணியின் பழைய ஆட்டத்திலிருந்து ஐந்தாறு காட்சிகளை மட்டும் பார்ப்பார்கள். புதிதாக எதுவும் அன்று கற்பிக்கப்படாது. கணுக்காலுக்குப் பட்டை சுற்றிக்கொள்ளும் வரிசைகூடத் தீர்மானிக்கப்பட்டது. கடைசியாக ஒவ்வொருவனும் தன் முதல் வேலை என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ‘வெல்வேன்’ என்பது செல்லாது. ‘பந்து அசையும்வரை அதையே பார்ப்பேன், பிறகு இடது காலை முதலில் வைப்பேன்’ என்பது செல்லும்.

‘வெல்வேன்’ என்பதன் முடிவு பலர் கையில் இருக்கிறது. இடது காலை எடுத்துவைப்பது அவன் கையில் இருக்கிறது. தன் கட்டுக்குள் இருக்கும் ஒன்றைப் பற்றிக்கொண்ட மனம் அலைவதில்லை.

பதற்றத்தையும் அவர் விரட்டச் சொல்வதில்லை. அடக்க முயலும் பதற்றம் கூடவே செய்யும். ஹார்வர்டு ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் கணிதத் தேர்வுக்கும் முன்னர், தங்களை அமைதிப்படுத்திக்கொள்ள முயன்றவர்களைவிட, அந்தப் படபடப்பை உற்சாகம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகச் செயல்பட்டனர். நெஞ்சின் துடிப்பு ஒன்றுதான். அதற்கு நாம் வைக்கும் பெயர்தான் வேறு. ‘பதற்றப்படாதே’ என்ற என் குறுஞ்செய்தி எவ்வளவு பயனற்றது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இவையெல்லாம் வெற்றிக்காக மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. மோதல் இயல்பாகவே உள்ள ஆட்டம் இது. கவனம் சிதறியவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு மோதுவான். கழுத்துக்கும் மூளைக்கும் ஆபத்தான நிலை அதுவே. 2009-இல் வாஷிங்டன் மாநிலம் தொடங்கிவைத்து, பின்னர் 50 மாநிலங்களிலும் இயற்றப்பட்ட சட்டங்கள், தலையதிர்ச்சிக்கு உள்ளான இளம் வீரர்களைக் களத்திலிருந்து விலக்க வகைசெய்கின்றன. ஆனால், வலியை மறைக்கும் பையனைச் சட்டம் கண்டுபிடிக்காது. ஆட்டத்துக்கு முந்தைய அமைதியான அரை மணி நேரத்தில், யார் வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கியிருக்கிறான், யாருக்கு வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது, யார் சாப்பாட்டைத் தொடவில்லை என்பதைப் பயிற்சியாளர்கள் கவனிக்கிறார்கள். சென்ற பருவத்தில், முந்தைய ஆட்டத்தின் அடியை மறைத்துவந்த ஒரு மாணவன் அப்படித்தான் கண்டறியப்பட்டு மருத்துவரிடம் அனுப்பப்பட்டான். இரைச்சலும் ஆரவாரமும் நிறைந்த அறையாக இருந்திருந்தால் அவன் களத்துக்குள் போயிருப்பான்.

இதை எழுதும்போது, நான் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய காலை நினைவுக்கு வருகிறது. பள்ளி வாசலில் திரண்டிருந்த பெற்றோரின் கூட்டமும், கடைசி நிமிடத்தில் ஒப்பிக்கச் சொன்ன மாமாவும், ‘உன்னைத்தான் நம்பியிருக்கிறோம்’ என்று தலையில் கைவைத்த பெரியவர்களும் கண்முன் நிற்கிறார்கள். அவர்கள் அனைவரும் அன்பால்தான் அதைச் செய்தார்கள். நானும் அன்பால்தான் குறுஞ்செய்தி அனுப்பினேன். அன்பு தன் பாரத்தைக் குழந்தையின் தோளில் இறக்கிவைக்கத் தேர்ந்தெடுக்கும் நேரம் மட்டும் தவறாகிவிடுகிறது. அந்த நேரத்தில் குழந்தைக்குத் தேவைப்படுவது உணவு, உறக்கம், பழகிய ஒழுங்கு, தன்னால் செய்ய முடிந்த ஒரு சிறு முதல் வேலை ஆகியவை. மற்ற அனைத்தையும் முந்தைய வாரமே சொல்லியிருக்க வேண்டும். அல்லது மறுநாள் சொல்லலாம்.

இப்போது மகனுக்கு இறுதிப் பருவம். வெள்ளிக்கிழமைகளில் இன்னமும் நான்தான் சோறு பரிமாறுகிறேன். அவன் தட்டை நீட்டும்போது, ‘இன்னும் கொஞ்சம் வைக்கவா?’ என்று மட்டும் கேட்கிறேன். ஆச்சி நேரலையில் பார்ப்பதை ஆட்டம் முடிந்த பிறகுதான் சொல்கிறேன்.