‘ஆர்பன்’: ஒரு சொல்லின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்விரண்டு ஊர்களும் போற்றும் இருவரை முதற்கண் நினைவு கூர்வோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் தம் நந்தவனத்துத் துளசிச் செடியின் அருகே ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார் என்று வைணவ மரபு கூறும். ஈன்றவர் யாரென்று தெரியாத அக்குழந்தைக்கு அவர் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். அவரே ஆண்டாள். தம் பாசுரங்களின் முடிவில், தம்மை வளர்த்த தந்தையின் பெயரோடு தம் பெயரையும் சேர்த்தே அவர் பதித்துச் சென்றிருக்கிறார்.

மற்றவர் ராஜபாளையத்தில் 1898ஆம் ஆண்டு பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா. பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். சிறு பருவத்திலேயே தந்தையையும் இழந்தார். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த அவர், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கினார். பின்னர் ஒரிசாவின் ஆளுநரும் ஆனார். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்திற்காக ஊருக்கு அளித்தார்.

ஆங்கில அகராதியை மட்டும் நோக்கினால் இவ்விருவரையும் ‘ஆர்பன்’ என்றே குறிக்கலாம். ஆயினும் ஆண்டாளை அநாதை என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எவரேனும் சொல்லத் துணிவரோ? குமாரசாமி ராஜாவை ராஜபாளையம் அப்படி அழைத்ததுண்டோ? இல்லை. ஏன் இல்லை என்று ஆராய்ந்தால் அச்சொல்லின் உட்பொருள் விளங்கும்.

‘ஆர்பன்’ என்பது கிரேக்க மொழியிலிருந்து இலத்தீன் வழியாக ஆங்கிலம் புகுந்த சொல். இழந்தவர், பறிகொடுத்தவர் என்பதே அதன் முதற்பொருள். பண்டைய ஆதென்ஸ் நகரில் தந்தையை இழந்த சிறுவனே அப்பெயர் பெற்றான்; தாய் உயிரோடிருப்பினும் அவன் அவ்வாறே கருதப்பட்டான். சொத்து தந்தை வழியே வந்தமையால், தந்தையின் மறைவே இழப்பாக எண்ணப்பட்டது. போரில் மாண்ட வீரரின் மைந்தரை அந்நகரம் பொதுச் செலவில் வளர்த்து ஆளாக்கியது.

இச்சொல்லின் உறவினர் பலர். சிறு குழந்தையைக் குறிக்கும் ‘அர்பக’ என்னும் வடசொல்லும், மரபுரிமையைக் குறிக்கும் ‘எர்பெ’ என்னும் ஜெர்மன் சொல்லும் இதன் இனத்தவை என மொழிநூலார் கூறுவர். கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘ரொபோட்டா’ என்னும் செக் மொழிச் சொல்லும் இவ்வினத்ததே. அச்சொல்லிலிருந்துதான், 1920இல் வெளிவந்த காரெல் சாப்பெக்கின் நாடகத்தில் ‘ரோபோ’ பிறந்தது. குழந்தை, மரபுரிமை, அடிமை உழைப்பு ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தமை சிந்தனைக்குரியது. காப்பவனை இழந்த சிறுவன் ஒன்று மரபுரிமை பெறுவான்; அன்றேல் பிறர்க்கு உழைத்து வாழ்வான் என்ற பழைய உலகின் நிலையை இவ்வேர் நமக்கு உணர்த்துகிறது எனலாம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைவீரர்களுடைய ஆண் குழந்தைகளுக்காக ஓர் ‘ஆர்பன்’ விடுதி தோன்றியது. தந்தையை இழந்தோரோடு வறுமையில் வாடிய பிள்ளைகளும் அங்கே சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலருக்குத் தாய் இந்நாட்டுப் பெண். அவள் உயிரோடு இருந்தாலும் அவளைக் காப்பாளராக அவ்வரசு மதிக்கவில்லை. ஆகவே தாய் உள்ள பிள்ளையும் ‘ஆர்பன்’ ஆனான். சாவு செய்யாததை ஒரு சொல் செய்தது.

அவ்விடுதியின் தலைவராக இருந்த ஆண்டுரு பெல் என்பார், நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். தம் விடுதியிலும் அம்முறையைப் புகுத்த விரும்பினார். உதவி ஆசிரியர்கள் இணங்காமற் போகவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் 8 வயது மாணவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவனே சிறுவருக்கு ஆசிரியன் ஆனான். பெல் 1797இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஆதரவற்றோர் என ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் அந்நாட்டுக் குழந்தைகளின் கல்விக்கு வழிகாட்டினர்.

இக்காலத்தில் அச்சொல் இன்னும் விரிந்துள்ளது. தாய் தந்தையருள் ஒருவரையேனும் இழந்த, 18 வயது நிரம்பாத குழந்தையை அப்பெயரால் எண்ணுகிறது ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம். அக்கணக்கின்படி 2015இல் உலகில் ஏறக்குறைய 14 கோடி ‘ஆர்பன்’கள் இருந்தனர். அவர்களுள் இருவரையும் இழந்தோர் சுமார் 1.51 கோடியே. எஞ்சிய பெரும்பான்மையோருக்குத் தாயோ தந்தையோ இருந்தனர். அவர்களுக்குத் தேவையானது விடுதியா, வீட்டிற்கு உதவியா என்ற பெரிய வினா, இவ்வொரு சொல்லின் பொருளைச் சார்ந்தே நிற்கிறது.

உயிரற்ற பொருள்களுக்கும் இச்சொல் வழங்குகிறது. நோயாளிகள் சிலரே ஆதலால் எந்த நிறுவனமும் ஆக்க முன்வராத மருந்தை ‘ஆர்பன் மருந்து’ என்பர். அமெரிக்காவில் 1983இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் அத்தகைய மருந்துகளை ஆக்குவோருக்கு ஊக்கம் அளிக்கிறது. உரிமையாளர் யாரெனத் தெரியாத நூலும் ‘ஆர்பன் நூல்’ எனப்படுகிறது. நாமும் உரிமை கோருவாரின்றிக் கிடக்கும் பையை ‘அநாதையாகக் கிடக்கிறது’ என்றுதானே சொல்கிறோம்?

இங்கே நம் சொல்லின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். நாதன் என்றால் காப்பவன். நாதன் இல்லாத நிலையே அநாதை. பெற்றோரின் சாவைப் பற்றி அச்சொல்லில் ஒரு குறிப்பும் இல்லை. காப்பவர் உண்டா என்ற ஒன்றையே அது வினவுகிறது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டமும் இதனையே வினவுகிறது. பெற்றோரோ, தத்தெடுத்தோரோ, சட்டப்படியான காப்பாளரோ இல்லாத குழந்தையையும், காப்பாளர் இருந்தும் அவர் ஏற்க விரும்பாத அல்லது பேண இயலாத குழந்தையையும் அது அவ்வாறு வகுக்கிறது.

மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் கதை இதற்கு ஏற்ற சான்று. ஈன்ற தாய் தோட்டத்தில் விட்டுச் சென்ற குழந்தைக்குப் பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டியது. அதனால் அவன் ஆவின் புதல்வன் என்று பெயர் பெற்றான். கைவிட்டவளின் பெயரால் அன்று, காத்த உயிரின் பெயரால் அறியப்பட்டான். பின்னாளில் அவனது பிறப்பைச் சொல்லி ஊரார் இகழ்ந்தனர். வளர்த்த தந்தையும் துரத்தினார். ஆனால் அவனோ மதுரையில் அமுதசுரபியைப் பெற்று, பேணுவார் இல்லாதவர்க்கெல்லாம் சோறிட்டான்.

1930இல் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆதரவற்ற பெண்களுக்காக ஒரு நிலையம் தொடங்கியபோது அதற்கு ‘அவ்வை இல்லம்’ என்று பெயரிட்டார். அப்பெயரில் இழப்பு இல்லை, வீடு இருக்கிறது.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் பெற்றோரை இழந்த தோழர் ஒருவர் இருக்கலாம். அவருக்குப் பாட்டியோ, மாமனோ, ஆசிரியரோ துணையாக நிற்கக் கூடும். அவரை அநாதை என்று குறிப்பது இரக்கமன்று. அவரைக் காத்து நிற்போரை இல்லை என்று சொல்லிவிடுவதாகும். அப்படி எவரும் இல்லையாயின், அச்சொல் அவரைப் பற்றிய குறிப்பன்று. நம்மைப் பற்றிய குற்றச்சாட்டு. துளசி நிழலில் கிடந்த குழந்தையை ஒருவர் கையில் எடுத்த கணத்திலேயே அச்சொல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பொருளற்றுப் போயிற்று. அதைப் பொருளற்றதாக்கும் ஆற்றல் நம் கைகளுக்கும் உண்டு.