மனவெழுச்சி நுண்மதி: அளவுகோல் பற்றிய வாதம்

கணிதத்தில் வல்லான் ஒருவன் பிறர் மனமறியாது இடர்ப்படுதலும், ஏட்டுக்கல்வி குறைந்தான் ஒருவன் யாவரோடும் இணங்கி ஒழுகுதலும் எங்கும் காணப்படுவனவே. இவ்வேறுபாட்டை ஆராய்ந்த அமெரிக்க உளவியலறிஞர் எட்வேட் தோண்டைக், 1920ஆம் ஆண்டிலேயே சமூக நுண்மதி என ஒன்றைப் பிரித்துரைத்தார். ஆயினும், அதனை அளத்தற்கேற்ற சோதனை எளிதிற் கிட்டவில்லை.

1990இல் பீற்றர் சலோவே, ஜோன் மேயர் என்போர் மனவெழுச்சி நுண்மதி என்னுங் கருத்தை வரையறுத்தனர். தன்னிடத்தும் பிறரிடத்தும் எழும் உணர்ச்சிகளை வேறுபடுத்தி அறிந்து, அவ்வறிவைச் சிந்தனைக்கும் செயலுக்கும் வழிகாட்டியாகக் கொள்ளும் ஆற்றலையே அவர்கள் கருதினர். 1995இல் டானியல் கோல்மன் எழுதிய நூல் அச்சொல்லை உலகெங்கும் பரப்பியது. ஊக்கம், விடாமுயற்சி முதலிய குணங்களையும் அதனுள் அடக்கிவிட்டது. புகழ் பெருகப் பொருள் நெகிழ்தல் சொற்களுக்கு இயல்புபோலும்!

வாதத்தின் உயிர்நிலை அளவுகோலிலேயே உளது. கணித வினாவொன்றுக்கு ஊரார் அனைவரும் பிழையாக விடையிறுப்பினும் சரியான விடை மாறாது. ஆனால், ஒரு முகப்படத்தைக் காட்டி, அதிலே துயரம் எவ்வளவு உளதென வினவின், விடையைத் தீர்மானிப்பவர் யார்? மேயர், சலோவே, டேவிட் கறூசோ ஆகியோர் 2002இல் வெளியிட்ட சோதனை இதற்கு இருவழிகளைக் கொண்டது. ஒன்று, பெருந்தொகையினர் கூறிய விடைக்கே மிக்க புள்ளி வழங்குதல். மற்றையது, மனவெழுச்சி பற்றி ஆராய்வோர் 21 பேரின் தீர்ப்பைக் கொள்ளுதல். முதல் வழியிலே, பிறர் காணாத நுட்பத்தைக் கண்டவன் புள்ளி இழப்பான் என்பது மறுப்போர் கூற்று. உணர்ச்சிக் குறிகள் மக்களிடையே பொதுவாக வழங்குவன. ஆதலின் பொதுத் தீர்ப்புப் பொருளுடையதே என்பர் சோதனையை ஆக்கியோர். இருவழிப் புள்ளிகளும் பெரிதும் ஒத்திருந்தமையையும் அவர்கள் சான்றாகக் காட்டினர். எனினும், ஒத்த கருத்து வேறு, உண்மை வேறு என்னும் தடை முற்றாக நீங்கியதெனக் கூறுதற்கில்லை.

வினாக்கொத்து முறையோ இதனினும் இடர்மிக்கது. தன் உணர்ச்சியை அறியாதவனிடமே தன்னைப்பற்றிச் சான்று கேட்பது எங்ஙனம் பொருந்தும்? அன்றியும், அங்ஙனம் பெறும் புள்ளிகள் உளவியலார் முன்னரே அறிந்த ஆளுமைப் பண்புகளோடு பெரிதும் இயைந்து நிற்கின்றன. 2005இல் எட்வின் லொக் இன்னும் ஒருபடி மேற்சென்று, இது தனியொரு நுண்மதியன்று, பொது நுண்மதி உணர்ச்சித் துறையிற் செயற்படுதலே என வாதித்தார்.

ஊழியரைத் தெரிவோர் இவ்வையங்களைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. டானா ஜோசப், டானியல் நியூமன் ஆகிய இருவர் பல ஆய்வுகளை ஒருங்குதொகுத்து 2010இல் வெளியிட்ட முடிபு அவர்களுக்குரியது: தன் உணர்ச்சியை அடக்கியும் வெளிக்காட்டியும் பணிபுரிய வேண்டிய தொழில்களிலேயே இவ்வாற்றலுக்கும் தொழிற்றிறனுக்கும் தொடர்பு புலப்பட்டது, ஏனைய தொழில்களில் அத்தகைய பயன் காணப்படவில்லை.