இருட்டில் ஒரு குரல், பெட்டிக்குள் ஒரு தோல்

பெயர் தேடும் பறவைகள் – 11

காங்கிரஸைத் தொடங்கியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஆலன் ஆக்டேவியன் ஹியூம்? இந்த வாரக் கதை அவர் வீட்டில் ஆரம்பிக்கிறது. அரசியலுக்கு வருவதற்கு முன்பே அவருக்குப் பறவைப் பித்து முற்றிவிட்டது. சிம்லாவில் ராத்னி காசில் என்ற தன் மாளிகையைப் பறவைத் தோல்களின் கிடங்காகவே ஆக்கி வைத்திருந்தார். நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் அதிகாரிகளும் ராணுவத்தாரும் சுட்ட பறவைகளைப் பாடம் செய்து அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி வந்து சேர்ந்த ஒன்று, மக்ரான் கடற்கரையில் ஓர்மாரா என்ற ஊரில் கிடைத்த ஆந்தை. இன்று அந்த ஊர் பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் இருக்கிறது. 1878-ல் ஹியூம் அதைப் புது இனம் என்று அறிவித்து, கேப்டன் பட்லர் என்ற பறவை ஆர்வலரின் பெயரால் ‘பட்லரி’ என்று பெயர் வைத்தார்.

சில ஆண்டுகளில் ஹியூமுக்குப் பெரிய அடி. அவர் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளை வேலையாள் ஒருவர் கடைத்தெருவில் பழைய பேப்பராக விற்றுவிட்டார். வெறுத்துப்போன மனிதர் 1885-ல் 82,000 தோல்களையும் முட்டைகளையும் அப்படியே லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஓர்மாரா ஆந்தையும் அவற்றோடு கப்பல் ஏறியது. அதே ஆண்டு டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் கூடியது. ஆந்தையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

பிறகு எகிப்து, பாலஸ்தீனம், அரேபியப் பாலைவனங்களில் மணல் நிறத்தில் ஓர் ஆந்தை தென்பட்டது. பார்த்தவர்கள் அதற்கும் ‘பட்லரி’ என்றே பெயர் எழுதினார்கள். புத்தகங்களில் படம் வந்தது, குரல் பதிவானது. நூறாண்டுக்கு மேல் உலகம் ‘ஹியூம் ஆந்தை’ என்று அறிந்திருந்தது இந்தப் பாலைவன ஆந்தையைத்தான்.

2013 மார்ச். ஓமானின் அல் ஹஜர் மலை. பறவைக் குரல்களைப் பதிவு செய்வதையே தொழிலாகக் கொண்ட மேக்னஸ் ராப், இரவில் வேறொரு சிற்றாந்தையின் குரலுக்காக மைக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தார். செங்குத்துப் பாறைகளின் பக்கமிருந்து அவர் அதுவரை கேட்டிராத ஒரு கூவல் வந்தது. பாலைவன ஆந்தை ஒரு நீள ஒலி எழுப்பி, அதன் பின் குறுகிய ஒலிகளை இரட்டை இரட்டையாக விடும். இந்தத் தாளம் வேறு.

தாளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆந்தை விஷயத்தில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. பாடும் பறவைகள் மூத்தவற்றைக் கேட்டுப் பாட்டு கற்கும். ஊருக்கு ஊர் ராகம் மாறும். ஆந்தை அப்படிக் கற்பதில்லை. கூவல் கூடவே பிறக்கிறது. நிறத்தை நம்பினால் மோசம் போவோம். சில ஆந்தை இனங்களில் ஒன்று சாம்பல் நிறமாகவும் இன்னொன்று செம்பழுப்பாகவும் இருக்கும், இரண்டும் ஒரே இனம்தான். அந்தக் காலத்தில் நிறத்தை மட்டும் பார்த்து அள்ளித் தெளித்த துணையினப் பெயர்கள் பல இன்று நிற்காமல் போயின. இரண்டு இடத்து ஆந்தைகள் வேறு வேறு என்று சொல்ல வேண்டுமானால் முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

ராப், அர்நௌட் வான் டென் பெர்க், மார்க் கான்ஸ்டன்டைன் மூவரும் ஓமான் மலையில் கூவிய அந்த ஆந்தையை அதே ஆண்டில் புது இனம் என்று அறிவித்து ‘ஓமனென்சிஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். கையில் பறவை இல்லை. ஒலிப்பதிவும் புகைப்படமும் மட்டுமே. தோல் இல்லாமல் பெயரா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிவதில்லை. ஒரு மலையில் எத்தனை இருக்கிறதென்றே தெரியாத பறவையைச் சுட்டு வீழ்த்திப் பெயர் வைப்பது என்ன பெருமை?

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. விலங்கியலில் பெயர் என்பது, அதை முதலில் வைத்தபோது மேஜையில் கிடந்த அந்த ஒற்றை மாதிரியோடு கட்டப்பட்டது. நமக்குப் பழக்கமான பறவையோடு அல்ல. கை கிர்வன், மானுவல் ஸ்வைட்சர், ஹோசே லூயிஸ் கோபெட்டே என்ற பறவையியலாளர்கள் மூவரும், லண்டன் அருங்காட்சியகத்தின் பறவைத் தொகுப்பு உள்ள ட்ரிங்கில் இருக்கும் ஹியூமின் அந்தப் பழைய ஓர்மாரா தோலை எடுத்துப் பார்த்தார்கள். இறகின் நிறமும் கோடுகளும் பாலைவன ஆந்தையோடு ஒத்துப்போகவில்லை. மரபணுவில் சுமார் 10 சதவீத வித்தியாசம். துணையினம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாத தூரம் அது. நூறாண்டாக எல்லோரும் தவறான பறவைக்குப் பட்லர் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்!

ஆக, எல்லோருக்கும் தெரிந்த பாலைவன ஆந்தைக்குப் பெயரே இல்லாமல் போனது. 2015-ல் அதற்கு இஸ்ரேலியப் பறவையியலாளர் ஹடோராம் ஷிரிஹாயின் பெயரால் ‘ஹடோராமி’ என்று வைத்தார்கள். அப்படியானால் ஓர்மாராவின் உண்மையான பட்லரி எங்கே? அதே ஆண்டு ஜனவரியில் ஈரானின் மஷ்ஹத் நகரில் ஒன்று சிக்கியது. ராப் குழுவினரும் ஓமான் மலையில் ஒன்றைப் பிடித்து மரபணுச் சோதனை செய்தார்கள். ஹியூமின் தோலும் ஓமான் ஆந்தையும் ஒரே இனம்.

முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது விதி. 1878 ஜெயித்தது, 2013 தோற்றது. ‘ஓமனென்சிஸ்’ இரண்டே ஆண்டில் உதிர்ந்தது. தாங்கள் சூட்டிய பெயர் செல்லாது என்று காட்டிய ஆய்வைத் தாங்களே வெளியிட்டார்கள் ராப் குழுவினர். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பேச்சு வழக்கில் மட்டும் ‘ஓமான் ஆந்தை’ என்ற பெயர் தங்கிவிட்டது.

அடுத்த வாரம் இலங்கை. கித்துல்கலைக் காட்டில் 1995-ல் கேட்ட ஒரு மெல்லிய கூவலைத் தேடி, 2001 ஜனவரியில் சிங்கராஜாவில் அந்த ஆந்தையைக் கண்ணால் பார்த்த தீபால் வரக்காகொட.