பக்அப்புக்குப் பூட்டு: எந்த லினக்ஸ் போடுவது?

2023 ஆகஸ்டில் லங்கா அரசாங்க கிளவுட்டுக்குள் ரென்சம்வெயார் புகுந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் போனது போனதுதான். இணைப்பிலிருந்த பக்அப்பும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. அந்தக் காலப்பகுதிக்கு வேறு பிரதி இருக்கவில்லை. கடன் கணக்கு, காசோலைத் திகதி, ஸ்டொக் எல்லாவற்றையும் ஒரே கம்பியூட்டரில் வைத்திருக்கும் நமது நிலையைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு வழி, அழிக்க முடியாத பக்அப். தனியானதொரு கம்பியூட்டரில் லினக்ஸைப் போட்டு, அங்கு வந்து சேரும் பக்அப் கோப்புகளைக் குறித்த நாட்கள் முடியும்வரை மாற்றவோ அழிக்கவோ இயலாதபடி பூட்டி வைப்பது. வீம் நிறுவனம் 2021இல் தனது 11ஆம் பதிப்பில் இந்த வசதியைக் கொடுத்தது. கடையிலுள்ள விண்டோஸ் முழுவதும் திருடன் கைக்குப் போனாலும் இந்தக் கோப்புகளில் அவன் கை வைக்க முடியாது.

எங்கள் கடைக்குக் கம்பியூட்டர் பார்க்கும் தம்பி, "நானா, எந்த லினக்ஸைப் போடட்டும்?" என்று கேட்டார். "எது எத்தனை வருடம் ஓடும்?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

காரணமில்லாமல் கேட்கவில்லை. 2019இல் வந்த சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை பராமரிப்பு உண்டென்று நம்பிப் பலர் சேர்வர்களில் போட்டார்கள். 2020 டிசம்பரில் ரெட்ஹெட் திட்டத்தை மாற்றியது. 2021 டிசம்பர் 31உடன் எல்லாம் நின்றது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கம்பியூட்டரில் பக்அப்பைப் பூட்டி வைப்பது, உக்கிய கதவுக்குப் புதுப் பூட்டுப் போடுவது போலத்தான்.

அந்த இடத்தை நிரப்ப வந்த ரொக்கி லினக்ஸின் 9ஆம் பதிப்புக்கு 2032 வரை ஆயுள் இருக்கிறது. உபுண்டு 24.04க்கு 2029 வரை. டெபியனுக்கும் ஏறக்குறைய ஐந்து வருடம். பெடோராவுக்கு ஒரு வருடமும் சொச்சமும்தான். பக்அப்புக்கு அது வேண்டாம்.

கணக்குப்படி ரொக்கிதான் முன்னுக்கு நிற்கிறது. ஆனாலும் நான் உபுண்டுவையே போடச் சொன்னேன். தம்பி வெளிநாடு போய்விட்டால் (இப்போது யார்தான் போகவில்லை?) உபுண்டு தெரிந்த இன்னொருவரை இங்கேயே தேடிப் பிடிக்கலாம். ஐந்து வருடத்துக்குள் அந்தக் கம்பியூட்டரும் பழசாகிவிடும்.

எதைப் போட்டாலும் ஒரு விடயம். ரூட் கடவுச்சொல் கிடைத்தவன் அந்தப் பூட்டைக் கழற்றிவிடலாம். ஆகவே தூரத்திலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்எச் வழியை மூடிவிட வேண்டும். பெரிய சேர்வர்களில் தூரத்திலிருந்து இயக்குவதற்கென்று தனியாக ஒரு கேபிள் துளை இருக்கும். அதன் வழியாக முழு டிஸ்க்கையும் அழித்துவிடலாம் என்பதால் அதில் கேபிளே மாட்டக்கூடாது. நேரத்தை யாரும் முன்தள்ளினால் பூட்டின் தவணையும் முன்னதாகவே முடிந்துவிடக்கூடும்; கடிகாரத்திலும் ஒரு கண் இருக்கட்டும்.

எங்கள் கம்பியூட்டர் இப்போது மேல்மாடி அறையில், சாவி என்னிடம். அப்டேட் போடும் நாளில் தம்பி கீபோர்டைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முணுமுணுக்கிறார்.