தள்ளிப்போடுவது ஏன் தொடர்கிறது?

புராஜெக்ட் அறிக்கையை ஒப்படைக்கும் நாள் நெருங்குகிறது. வாசகர் கடிதங்களிலும் அதே பேச்சுதான். 'நேரத்தைத் திட்டமிட எப்படிப் பழக்குவது?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். 'அட்டவணை போட்டும் உட்கார முடியவில்லை, நான் எதற்கும் லாயக்கில்லையா?' என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்வி என்று நினைப்பதில்தான் குழப்பம்.

கல்லூரி நிர்வாகங்களைக் கேட்டால் தள்ளிப்போடுவது ஒழுங்கின்மை. அதற்கு மருந்து நேர மேலாண்மைப் பயிலரங்கு. இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1984-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் சாலமனும் ராத்பிளமும் 342 மாணவர்களிடம் கேட்டார்கள். கட்டுரை எழுதுவதை எப்போதுமோ அநேகமாக எப்போதுமோ தள்ளிப்போடுவதாகச் சொன்னவர்கள் 46 சதவீதம். காரணங்களில் தூக்கலாக நின்றவை தோல்வி பயமும் அந்த வேலையின் மீதான கசப்பும்.

தள்ளிப்போட்டதும் ஒரு நிம்மதி வரும். இரவுக்குள் அது குற்ற உணர்வாகிவிடும். 'சோம்பேறி, உருப்படமாட்டாய்' என்று மாணவர் தன்னையே ஏசிக்கொள்கிறார். பார்ப்பவர்களுக்கு அது பொறுப்புணர்வு போலத் தெரியலாம். ஆனால் அந்த ஏச்சு பாடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் நோட்டைத் திறந்தால் நேற்றைய அவமானமும் சேர்ந்தே வருகிறது. அதிலிருந்து தப்ப நோட்டை மூடுகிறார். என்னை மிகவும் உறுத்துவது இதுதான்: திருந்துவதற்காகக் கொடுத்துக்கொள்ளும் தண்டனையே அடுத்த தள்ளிப்போடலுக்குக் காரணமாகிறது.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வோல், பிச்சில், பென்னட் ஆகிய மூவரும் முதலாண்டு மாணவர்கள் 119 பேரை இரண்டு இடைத்தேர்வுகளின் ஊடே கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் கடத்தியதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்களிடம், இரண்டாம் தேர்வுக்குமுன் தள்ளிப்போடுவது குறைந்திருந்தது. மனக்கசப்பு தணிந்ததே அதற்கு வழிவிட்டது என்பது அவர்கள் கணிப்பு. ஒரே பாடத்தின் மாணவர்கள், அவர்களே சொன்ன பதில்கள். இதை வைத்து எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாது. ஆனாலும், தாமதித்தவர் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் துறைகள் இதைப் படித்தே ஆக வேண்டும்.

மன்னிப்பது சாக்குச் சொல்வதாகாதா?
தவறை ஒப்புக்கொள்ளாமல் மன்னிப்பு இல்லை. சாக்கு தவறையே மறுப்பது.

கடைசி நேரத்தில்தான் நன்றாக எழுத வருகிறதே?
டைஸ், பாமைஸ்டர் இருவரின் 1997 ஆய்வில் தள்ளிப்போட்டவர்கள் பருவத் தொடக்கத்தில் நிம்மதியாக இருந்தார்கள். முடிவில் மன அழுத்தம் கூடியது, மதிப்பெண்ணும் குறைந்தது.

தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டால்?
புராஜெக்ட் இருக்கட்டும், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை என்றால்?
கைடிடம் இன்றே உள்ளதைச் சொல்லிவிட்டு, எளிதான அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்.