குடியிருக்கும் வீட்டில் பாகப்பிரிவினை

பாகப்பிரிவினை என்றவுடன் நிலமும் வீடும் நினைவுக்கு வருதல் இயல்பு. மனைப்பிரிவுகள் பெருகிய திருமுல்லைவாயிலில் வாழும் எமக்குப் புல எண்ணும் உட்பிரிவும் அன்றாடப் பேச்சு. கணினியின் வன்தட்டுக்கும் இத்தகைய பிரிவினை உண்டு. தமிழக அரசு 2011இல் வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் ஒரே தட்டில் தனித்தனிப் பிரிவுகளில் குடியிருந்தன. இயங்கும் கணினியை நிறுத்தாமலே இவ்வெல்லைகளை மாற்றலாகுமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது.

எல்லைகள் தட்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணையாக எழுதப்பட்டுள்ளன. பழைய முறையில் அதற்கு 64 பைட்டுகளே இடம். முதன்மைப் பிரிவுகள் நான்குதாம். ஜிபிடி என்னும் புதுமுறை வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடந்தருவதோடு, தட்டின் இறுதியிலும் ஒரு படி வைத்துக்கொள்கிறது. லினக்சின் கருவாகிய கெர்னல், கணினி தொடங்கும்போது அட்டவணையைப் படித்து நினைவகத்தில் பதித்துக்கொள்ளும். பின்னர் அந்நினைவையே நம்பி நடக்கும். வட்டாட்சியர் அலுவலகப் பதிவேடு திருத்தப்பட்ட பின்னும், கிராம நிர்வாக அலுவலர் கையிலுள்ள படி பழையதாகவே இருத்தலை ஒப்பது இது.

இதனை யாம் இழப்பால் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன், எம் துறைக் கணினியில் வெறுமையாயிருந்த இரண்டாம் பிரிவைச் சிறிதாக்கி, எஞ்சிய இடத்தில் மூன்றாவதொன்றை வகுத்தோம். முதற்பிரிவு பயன்பாட்டில் இருந்தமையால், பழைய அட்டவணையே தொடரும் எனக் கெர்னல் எச்சரித்தது. ஆங்கில எச்சரிக்கையை யார் படித்தார்? உடனே இரண்டாம் பிரிவை வடிவமைத்தோம். கெர்னலோ பழைய பேரளவிலேயே வடிவமைத்தது. மாணவியரின் ஆய்வேடுகளை அதில் இட்டோம். மறுநாள் கணினியை இயக்கியபோது அப்பிரிவு திறக்கவில்லை. பழைய எல்லையை அட்டவணையில் மீள எழுதியிருப்பின் யாவும் மீண்டிருக்கும். அஃதறியாது மூன்றாம் பிரிவையும் வடிவமைக்க, ஆய்வேடுகளின் ஒருபகுதி அழிந்தது. அச்சுப்படியைப் பார்த்து அம்மாணவியர் மீண்டும் தட்டச்சுச் செய்தனர்.

பார்ட்புரோப், பார்ட்எக்ஸ் என்னும் கட்டளைகள், முழு அட்டவணையையும் மறுபடி படிக்கச் சொல்லாமல், மாறிய பிரிவை மட்டும் கெர்னலுக்கு அறிவிப்பன. பயன்பாட்டிலுள்ள பிரிவையே, அதன் தொடக்கம் மாறாதவரை, நீட்டும் வசதியும் 2012இல் கெர்னலில் சேர்ந்தது. பின்னால் வெற்றிடம் இருந்தால் போதும். பிரிவை நீட்டியபின் உள்ளிருக்கும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையையும் ரிசைஸ்2எஃப்எஸ் கொண்டு இயக்கத்திலேயே விரிக்கலாம். எதனையும் வடிவமைக்குமுன் எல்எஸ்பிஎல்கே கட்டளையை இடுக. கெர்னல் நினைவிலுள்ள அளவுகளை அது காட்டும். அவை புதிய அளவுகளாக இல்லையேல் கையை எடுத்துவிடுக.

சுருக்குதல் வேறு செய்தி. விண்டோஸ், விஸ்டா பதிப்பு முதல், தான் இயங்கும் பிரிவையே சுருக்கித் தரும். இஎக்ஸ்டி4 அதற்கு இசையாது. குடியிருப்போர் வெளியேறியே ஆகவேண்டும். லினக்ஸ் இயங்கும் பிரிவே அதுவாயின், குறுந்தகட்டிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ கணினியைத் தொடங்கித்தான் அவ்வேலையைச் செய்தல் இயலும்.